வைஃபையில் ஒரு வித்தவுட்

டிக்கெட்டைக் காட்டுங்க சார்.

அடடா, எடுக்காதீங்க, எடுக்காதீங்க. உள்ள வைங்க. பழக்கதோஷம். பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தாலே வாய் தானா கேட்டுடுது. நான் டிடிஆரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு தியாகேசன், ஊரு திருச்சி. கருப்புக் கோட்டைக் கழட்டிட்டேன், கண்ணை மட்டும் கழட்ட முடியல. இப்பவும் பாருங்க, முன்னாடி ஜன்னலோரம் சிவப்புச் சட்டை. கதவு திறக்கறப்பல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பாக்கறான் இல்ல? வித்தவுட். டிக்கெட் எடுக்காம ஏறினவன். பந்தயம் கட்டறேன்.

நீங்களும் கோயமுத்தூரா? நல்லதாப் போச்சு. மடியில லேப்டாப் வச்சிருக்கீங்க, அதான் ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு வைஃபைல இந்த நிமிஷம் எத்தனை போன் கோத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது சார். எனக்குத் தெரியும். இங்க ரயில்ல உக்காந்துகிட்டே தெரியும். இந்த போன்ல வந்துடும்.

எப்படின்னு சொல்றேன் கேளுங்க. வேணும்னா இறங்கறதுக்குள்ள உங்க லேப்டாப்லயும் போட்டுக் கொடுத்துடறேன்.

அது ஒரு சாஃப்ட்வேர். வீட்டு நெட்வொர்க்கைக் கண்காணிக்கறது. இன்னும் கடைக்கு வரல. பீட்டா. வெளியில விடறதுக்கு முன்னாடி, சில பேரைப் பொறுக்கி எடுத்து, ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கன்னு இலவசமா கொடுப்பாங்க. நான் சும்மா மெயில் ஐடி கொடுத்து வச்சேன், மறுநாளே பதில் வந்துடுச்சு. 'டியர் டெஸ்டர்'னு ஆரம்பிச்சு, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்னு. சர்வீஸ்ல இருந்த காலம் பூரா எனக்கு ஒரு மெமோ கூட டியர்னு வந்ததில்ல சார். பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.

என் பையன் பிரசன்னா பெங்களூர்ல இதே துறைலதான் இருக்கான். அவன்கிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பாத்தா, "பீட்டான்னா அரைவேக்காடுப்பா, தப்புத் தப்பா காட்டும், இருக்கற ஒரே கம்ப்யூட்டர்ல அதைப் போய்ப் போடாதீங்க"ங்கறான். பிள்ளைங்களுக்கு அப்பன் ஒரு விஷயத்துல முந்திட்டா தாங்காது. நான் சொன்னேன், டேய், மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.

போட்டேன். போடறப்பவே ஒரு தகராறு. ஏற்கெனவே இருந்த ஆன்டிவைரஸ், இது ஆபத்து ஆபத்துன்னு சிவப்புப் பெட்டி காட்டுச்சு. அதை நிறுத்தினாத்தான் நான் ஓடுவேன்னு இது சொல்லுச்சு. அதை நிறுத்திட்டேன். அப்புறம் ஒப்பந்தம்னு பக்கம் பக்கமா வந்துச்சு, கடைசில சம்மதம்னு ஒரு பட்டன். டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கற விதியைப் படிக்காம வந்தவனுக்கெல்லாம் நான் ஃபைன் போட்டிருக்கேன். ஆனா இது முடியவே மாட்டேங்குது சார். அமுக்கிட்டேன். பிரசன்னா அதைப் படிச்சுட்டு, "அப்பா, நம்ம வீட்ல யாரு எப்ப எதைப் பாக்கறாங்கன்னு எல்லாம் அந்தக் கம்பெனிக்குப் போகுமாம்"னு கத்தறான். போகட்டுமே. சொல்லிட்டு வர்றவனைப் பத்தி என்ன பயம்? சொல்லாம வர்றவனைத்தானே பிடிக்கணும்.

ஸ்கிரீன்ல எப்படித் தெரியும்னா, நடுவுல ஒரு வீடு. அதைச் சுத்திப் புள்ளி புள்ளியா இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு போன், ஒரு டிவி, இப்படி. நமக்குத் தெரிஞ்சதுக்கு நாம பேர் வச்சா பச்சையாயிடும். தெரியாதது சிவப்பு. என் கம்ப்யூட்டர், என் போன், வீட்ல போன், டிவி, எல்லாத்துக்கும் பேர் வச்சேன். வீட்லன்னா என் சம்சாரம், லோகநாயகி. அவ போன்ல யாரு பேசினாங்கன்னு அப்பப்ப எடுத்துப் பாத்துடுவேன். எல்லாம் பச்சை. அவ்வளவுதான் சார் எங்க வீடு. பையன் பெங்களூர்ல.

ஒரே பையனான்னா... பொண்ணு ஒருத்தி இருந்தா. இருந்தான்னா, இப்பவும் இருக்கா. தஞ்சாவூர்ல இருக்கா. எனக்கு இல்லை. கூட வேலை பாத்த பையனைக் கட்டிக்கிட்டா. நம்ம ஆளுங்க இல்ல. அவன் பேரை நான் சொல்றதில்ல, வீட்ல அவ பேரையும் யாரும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். லோகநாயகி எடுக்கறதில்ல. அந்த விஷயத்துல அவ தங்கம். பிரசன்னாதான் ஒருநாள் போன்ல, "அப்பா, மேகலாவுக்கு..."ன்னு ஆரம்பிச்சான். கட் பண்ணிட்டேன். அதை விடுங்க. நாம புள்ளிக்கு வருவோம்.

போட்ட அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். எனக்கு மத்தியானத் தூக்கம் உண்டு. எந்திரிச்சு வந்து பாக்கறேன், சிவப்பா ஒரு புள்ளி! நான் தூங்கின நேரத்துல வந்து, ஒரு மணி நேரம் இருந்து, போயிருக்கு. என்ன பண்ணிச்சுன்னும் காட்டுது. வீடியோ கால். என் வீட்டு வைஃபைல எவனோ ஒருத்தன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துப் பேசியிருக்கான் சார். எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் புள்ளிக்கு மனசுக்குள்ளயே வித்தவுட்னு பேர் வச்சேன், ஸ்கிரீன்ல பச்சையாக விடல.

மறுநாளும் வந்தான். அதுக்கு மறுநாளும். சரி, கையும் களவுமாப் பிடிப்போம்னு தூங்காம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். வரல. அடுத்த நாள் தூங்கினேன், வந்துட்டான். நான் முழிச்சிருந்தா வரமாட்டான், கண் அசந்தா வந்துடுவான். நான் தூங்கறது அவனுக்கு எப்படித் தெரியுது? அதான் சார் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. லோகநாயகி கூடப் பாத்துப் பாத்து, "என்னங்க இது, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு, போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்"னு பாயை விரிச்சுப் போட்டா. பாவம், அவளும் என்னோட சேந்து கவலைப்பட்டா.

பாஸ்வேர்டை மாத்திட்டா விஷயம் முடிஞ்சதுன்னு பிரசன்னா சொன்னான். மாத்தமாட்டேன்னுட்டேன். ஏன் மாத்தணும்? அது... அந்தப் பாஸ்வேர்டு மேகலா வச்சது. அவ இருந்தப்ப. அதுக்காக இல்ல. திருடன் வந்தான்னா திருடனைப் பிடிக்கணும், பூட்டை மாத்தறது கோழைத்தனம்.

எனக்கு மாடி வீட்டு வாத்தியார் மேலதான் சந்தேகம். அருளப்பன்னு பேரு, நம்ம வீட்லதான் குடியிருந்தார். நேரா போய்க் கேட்டேன். மனுஷன் வெலவெலத்துப் போயிட்டார். "சார், எனக்கு சொந்தமா கனெக்‌ஷன் இருக்கு, அதுவும் மத்தியானத்துல நான் ஸ்கூல்ல பாடம் நடத்திக்கிட்டில்ல இருக்கேன்"னார். எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன் இந்தக் கதையை. எல்லா வித்தவுட்டும் முதல்ல, டிக்கெட் இருந்துச்சு சார், இங்கதான் வச்சேன்னு தான் சொல்லுவான். நான் விடல. தினம் மாடிப்படில நின்னு அவர் காதுல விழற மாதிரி பேசினேன். அந்த மாசக் கடைசில காலி பண்ணிட்டுப் போயிட்டார். பக்கத்துத் தெருவுல பிள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்பல வீடு பாத்துக்கிட்டார். அவர் சம்சாரமும் லோகநாயகியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. பொம்பளைங்க.

அவர் போன அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன் சார். எந்திரிச்சுப் பாத்தா சிவப்புப் புள்ளி வந்துட்டுப் போயிருக்கு! பக்கத்துத் தெருவுலேர்ந்து! எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க. இவரைப் போய் வாத்தியார்னு நினைச்சிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் அந்த சாஃப்ட்வேர்ல தடை பண்றதுக்கு ஒரு பட்டன் இருக்கறதைக் கண்டுபிடிச்சேன். ஒரே அமுக்கு. வித்தவுட் இனி உள்ள வரமுடியாது. அதோட இன்னொண்ணும் பண்ணி வச்சேன். புதுசா எந்தப் போன் வந்து எங்க வீட்டு வைஃபையைத் தொட்டாலும், முதல்ல என்கிட்ட கேக்கும். அனுமதிக்கவா, தடுக்கவான்னு. நான் சொன்னாத்தான் உள்ள.

பிரமாதமா வேலை செஞ்சுது. அன்னிலேர்ந்து புள்ளியே இல்ல. கம்பெனிக்கு மெயில் போட்டேன், உங்கள் சாஃப்ட்வேர் வெற்றின்னு.

அன்னிக்கு ராத்திரி சாம்பார்ல உப்பு போட மறந்துட்டா லோகநாயகி. ரெண்டு நாள் சரியாப் பேசல. என்னடின்னா, ஒண்ணுமில்லங்கறா. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. அந்த வாத்தியார் வீட்டம்மா போன ஏக்கம்னு நினைக்கறேன். அப்புறம் தானா சரியாயிட்டா. எப்படி? பக்தி சார். தினம் மத்தியானம் நான் படுத்ததும் பிள்ளையார் கோயிலுக்குப் போக ஆரம்பிச்சா. ஒரு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போவா, உள்ள தட்டையா ஏதோ இருக்கும், ஸ்லோகப் புஸ்தகமாம். வர்றப்ப முகம் அப்படித் தெளிவா இருக்கும். சாமி கண்ணைத் திறந்துட்டார்னு நினைச்சுக்கிட்டேன்.

என்ன சொல்றீங்க? மத்தியானம் நடை சாத்தியிருக்குமா?

சாத்தியிருக்கும்தான். அதனால என்ன சார்? வாசல்ல நின்னு கும்பிட்டா ஆகாதா? கூட்டம் இருக்காதுல்ல. நீங்களும் என் பையன் மாதிரியே குறுக்குக் கேள்வி கேக்கறீங்களே.

பக்தி வந்தா மனுஷங்க எப்படி மாறிடறாங்க பாருங்க. என் பழைய வேட்டியெல்லாம் காணோம்னு தேடினேன். எல்லாத்தையும் கிழிச்சு, சதுரம் சதுரமா வெட்டி, ரெண்டு தடவை வெந்நீர்ல அலசி, வெயில்ல காயப்போட்டு மடிச்சு வச்சிருக்கா. எதுக்குடின்னா, வீடு துடைக்கங்கறா. துடைக்கற துணிக்கு வெந்நீர் எதுக்கு சார்? ஆனா சுத்தம்னா நல்லதுதானே, நான் ஒண்ணும் சொல்லல. ஒருநாள் வீடெல்லாம் சுக்கும் ஓமமும் மணக்குது. அடுப்புல ஏதோ கிண்டிக்கிட்டிருக்கா. லேகியமாம், வாயுவுக்காம். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தா. நல்லாத்தான் இருந்துச்சு. எங்கேயோ சாப்பிட்ட ருசி மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன், ஞாபகம் வரல. மிச்சத்தை ஒரு பாட்டில்ல போட்டு எங்கேயோ வச்சுட்டா.

இதையெல்லாம் விட ஒண்ணு. எங்க வீட்டு ஹால்ல, மேல உத்தரத்துல ஒரு இரும்புக் கொக்கி உண்டு. ஒரு காலத்துல தூளி கட்டினது. துரு ஏறிக் கிடந்துச்சு. திடீர்னு அதுக்கு எண்ணெய் போடச் சொன்னா. போட்டேன். பலமா இருக்கான்னு கேட்டா. இருக்குன்னேன். "எதுக்கும் நீங்க ஒரு தடவை தொங்கிப் பாருங்களேன்"ங்கறா! எதுக்குடின்னா, செடித்தொட்டி வாங்கி மாட்டப் போறாளாம். அவ கேட்டு நான் எதைச் சார் மாட்டேன்னிருக்கேன்? இந்த வயசுல ஸ்டூல் மேல ஏறி, கயித்தைப் போட்டு, தொங்கினேன். கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. என்னைத் தாங்கிடுச்சு. அவ கண்ணுல தண்ணி. நான் விழுந்துடுவேன்னு பயந்துட்டா போல.

இப்ப எதுக்குக் கோயமுத்தூரா? கல்யாணத்துக்கு. ராஜமாணிக்கம்னு என்னோட வேலை பாத்தவன். ஒரு பிரமோஷன் விஷயத்துல எனக்குத் துரோகம் பண்ணினவன், பல வருஷமா முகத்துல முழிக்கறதில்ல. அவன் பையன் கல்யாணம். பத்திரிகை வந்தப்ப தூக்கிப் பரண்ல போடுன்னேன். லோகநாயகிதான் விடல. "போயிட்டு வாங்க. பழசையெல்லாம் எத்தனை நாள்தான் மனசுல வச்சிருப்பீங்க? ரெண்டு நாள் தங்கிட்டே வாங்க"ன்னா. நான் ஒரு நாள் வெளியூர் போனாலே முணுமுணுக்கறவ, தானே பெட்டி அடுக்கி, எலுமிச்சஞ்சாதம் கட்டி, ஆட்டோவுக்கும் சொல்லிட்டா. எனக்கும் தோணுச்சு. மனுஷனுக்கு மன்னிக்கற குணம் வேணும் சார். அது என்கிட்ட எப்பவும் உண்டு.

கரூர் தாண்டிட்டோமா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. இந்தாங்க, எலுமிச்சஞ்சாதம் எடுத்துக்கங்க. அட, கூச்சப்படாதீங்க.

இருங்க, இருங்க. அடிக்குது பாருங்க! இது அந்த சாஃப்ட்வேர் சத்தம்தான். நான் என்ன சொன்னேன்? நான் ஊரை விட்டுக் கிளம்பினது தெரிஞ்சு வந்துட்டான் பாருங்க! காலைலதான் கிளம்பினேன், அதுக்குள்ள! புதுசா ஏதோ ஒரு போன் உள்ள வரப் பாக்குது. கையில சாதம் இருக்கு, கண்ணாடி மேல பைக்குள்ள. நீங்க கொஞ்சம் படிங்க சார். போனுக்குப் பேர் ஏதாவது போட்டிருக்கா?

என்னது?

இன்னொரு தடவை படிங்க.

மேகலா போன்.

இல்ல, கண்ணாடி வேண்டாம். எடுக்காதீங்க. இருக்கட்டும்.

இதுங்க அப்படித்தான் சார். ஒரு தடவை பாஸ்வேர்டைப் போட்டுட்டா போன் மறக்கறதில்ல. எத்தனை வருஷம் ஆனாலும் சரி, வாசப்படிகிட்ட வந்தாப் போதும், தானா வந்து ஒட்டிக்கப் பாக்கும். அதுக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு என்ன தெரியும்?

ஒரு நிமிஷம். போனை இப்படிக் கொடுங்க, வீட்டுக்குப் பேசிடறேன்.

லோகா? நான்தான். கரூர் தாண்டிட்டேன். சாப்பிட்டாச்சு. வீட்ல யாரு? ... யாருமில்லையா. சரி. ... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கேட்டேன். அது என்ன சத்தம் பின்னாடி?

செடித்தொட்டியா. வந்துடுச்சா. மாட்டிட்டியா.

சார், கொஞ்சம் இருங்க... இந்தச் சத்தம். எண்ணெய் போட்டும் நிக்கல பாருங்க. கீச், கீச்சுன்னு, இந்தப் பக்கம் போறப்ப ஒரு மாதிரி, அந்தப் பக்கம் போறப்ப ஒரு மாதிரி. இது எனக்குத் தெரியும் சார். டூட்டி முடிஞ்சு வந்து யூனிஃபார்ம் கூடக் கழட்டாம நான்தான் ஆட்டுவேன். வேற யாரு ஆட்டினாலும் தூங்கமாட்டா அவ. அந்த லேகியம் கூட... அவ பொறந்தப்பத்தான் சாப்பிட்டது. லோகநாயகிக்குக் கிண்டினதுல எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாங்க.

லோகா, இருக்கியா? வேகமா ஆட்டாதே. தொட்டியைத்தான் சொல்றேன். ஜன்னல் பக்கம் காத்து அடிக்கும், சாத்திடு. கொக்கியைப் பத்திப் பயப்படாதே, தாங்கும். நான் தொங்கிப் பாத்ததுதானே.

எதுக்கு அழறே? செடிக்குப் போய் யாராவது அழுவாங்களா?

இதைக் கேளு. நான் ரெண்டு நாள்ல வரமுடியாது போல. ராஜமாணிக்கம் விடவே மாட்டேங்கறான், ஒரு வாரம் இருந்துட்டுப் போன்னு ஒரே பிடிவாதம். ... ஆமா, இன்னும் ஊர் போய்ச் சேரல. போன்ல சொன்னான். நான் வர்றதுக்கு முதல் நாள் சொல்லிட்டு வர்றேன். சொல்லாம வரமாட்டேன். வைக்கறேன்.

இந்த எலுமிச்சஞ்சாதத்துல காரம் கூடப் போட்டுட்டா சார். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

இந்தாங்க, போனைப் பாருங்க. அனுமதிங்கறது எந்தப் பக்கம்? இடதா? கொஞ்சம் காட்டுங்க. இதுவா? சரி. ஆச்சு. அந்த வித்தவுட்டுக்குத் தடை போட்டேனே, அதையும் எடுத்துடணும், எங்க இருக்குன்னு பாருங்க. ஆங், அதுதான். பச்சையாயிடுச்சா? அவ்வளவுதான்.

டிடிஆர் வர்றார் பாருங்க. சிவப்புச் சட்டையைப் பாருங்க, பாருங்க... அட, டிக்கெட்டை எடுத்து நீட்டறான். வச்சிருக்கான் சார்.

அந்த அலாரம் ஒண்ணுமில்ல. நீங்க வேற எதுவும் நினைச்சுக்காதீங்க. பீட்டாதானே? முழுசா வேகாத சாமான். பையன் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டான், நான்தான் கேக்கல. உங்க லேப்டாப்ல போட்டுத் தர்றேன்னேனே, வேண்டாம் சார். நீங்க போட்டுக்காதீங்க. வீட்டு ஆளையே வெளியாள்னு காட்டுது, சனியன்.